பூட்டு யாருக்கு?

போர் ஒன்று நடந்தது. குருதி சிந்தாத போர்! யானைப்படை இல்லை, குதிரைப்படை இல்லை. வட்ட வடிவான ஒளித்தட்டுகளே படைக்கலங்கள். ஆண்டு 2006. களம், ஜப்பானும் அமெரிக்காவும். ஒருபுறம் தோஷிபா தலைமை தாங்கிய அணி. அதன் கொடியிலே எழுதப்பட்டிருந்த பெயர், எச்.டி. டி.வி.டி. மறுபுறம் சோனி முன்நின்ற அணி. அதன் கொடியிலே பொறிக்கப்பட்டிருந்த பெயர், ப்ளூ-ரே.

தன் தட்டிலே 30 கிகாபைட் கொள்ளும் என்று மார்தட்டிற்று ஓர் அணி. தன் தட்டிலே 50 கொள்ளும் என்று தொடைதட்டிற்று மற்றோர் அணி. 499 டாலருக்குக் கருவி தருகிறோம் என்று கூவிற்று முன்னது. 999 டாலர் என்று விலை கூறி, தரத்தைப் பாருங்கள் என்று பேசிற்று பின்னது. ஹாலிவுட் முதலாளிகள் பாதிப்பேர் இந்தப் பக்கம், பாதிப்பேர் அந்தப் பக்கம், ஒரு சிலர் இரண்டு பக்கமும்!

2008 ஜனவரி 4ஆம் நாள் வார்னர் நிறுவனம் ப்ளூ-ரே முகாமுக்கே இனித் தன் படங்கள் என்று அறிவித்தது. பிப்ரவரி 19ஆம் நாள் தோஷிபா களத்தை விட்டு வெளியேறியது. ப்ளூ-ரே வென்றது என்று எழுதின ஏடுகள். தோஷிபா வீழ்ந்தது என்று எழுதின ஏடுகள். வீழ்ந்தோர் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் விடுபட்டுப் போயிற்று.

பார்வையாளன்!

ஏன் என்கிறீர்களா? இரண்டு தட்டையும் கையிலெடுத்துப் பாருங்கள். கொடி வேறு, கொற்றம் வேறு, விலை வேறு, விளம்பரம் வேறு. ஆனால் பூட்டு மட்டும் ஒன்று! ஏ.ஏ.சி.எஸ். என்பது அதன் பெயர். அந்தப் பூட்டை அடித்த பட்டறையிலே யார் யார் கூடி அமர்ந்திருந்தார்கள் தெரியுமா? தோஷிபா இருந்தது, சோனியும் இருந்தது. ஐ.பி.எம்., இன்டெல், மாட்சுஷிதா, மைக்ரோசாப்ட், டிஸ்னி, வார்னர் அனைவரும் அருகருகே அமர்ந்திருந்தார்கள். சந்தையிலே எதிரிகள், பட்டறையிலே பங்காளிகள்!

எனக்கு நினைவிருக்கிறது அந்த நாள். கல்லூரியிலே காலடி வைத்திருந்த காலம். பட்டம் பெறுமுன்பே படியிறங்கிவிட்டவன் நான். எனினும் மாணவர் விடுதியிலே இரவெல்லாம் நடந்த வாதம் மறக்கவில்லை. எந்தத் தட்டு சிறந்தது என்று இரு கட்சியாகப் பிரிந்து தொண்டை வறளப் பேசினோம். இரண்டிலும் தொங்கும் பூட்டைப் பற்றி எங்களில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. அன்று கேட்கத் தவறிய கேள்விகள் இரண்டு. அவற்றை இன்றேனும் கேட்போம். படத்தின் தெளிவு, பார்ப்பவனுக்கு எவ்வளவு வேண்டும்? படத்தின் பூட்டு, யாரைத் தடுப்பதற்காக?

முதற் கேள்விக்கு வருவோம்.

உயர்தெளிவு, எச்.டி. என்கிறார்களே, அதன் கணக்கு எளிது. அமெரிக்காவில் விற்ற பழைய டி.வி.டி.யின் படத்திலே குறுக்கே 720, நெடுக்கே 480 புள்ளிகள். பெருக்கினால் 3,45,600. முழு எச்.டி. படத்திலே குறுக்கே 1920, நெடுக்கே 1080. பெருக்கினால் 20,73,600. ஆறு மடங்கு! கடைக்காரன் இந்த ஆறு மடங்கைச் சொல்லித்தான் உங்கள் பணப்பையைத் திறக்கிறான். அவன் சொல்லுவது பொய்யல்ல. ஆனால் அவன் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. திரைக்குக் கணக்கிருப்பதுபோலக் கண்ணுக்கும் கணக்கிருக்கிறது!

கண் மருத்துவரிடம் போனால் சுவரிலே எழுத்துப் பலகை மாட்டியிருக்கிறாரே, அந்தப் பலகையின் அடிப்படை என்ன? ஒரு பாகைக் கோணத்தை அறுபதாக வகுத்தால் வரும் ஒரு கூறு. அவ்வளவு நுண்மையை நல்ல கண் பிரித்தறியும். அதைவிட நுண்ணியதெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒன்றாகவே தெரியும். இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு நம் வீட்டுக் கூடத்துக்கு வாருங்கள்.

32 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி. திரையின் உயரம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். அதிலே 1080 வரிகள். அந்த வரிகளைத் தனித்தனியே கண் காண வேண்டுமானால், நான்கடித் தொலைவுக்குள் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டும்! ஒன்பதரை அடிக்கு அப்பால் நகர்ந்துவிட்டால் பழைய 480 வரிகளும் கண்ணுக்குக் கலந்துவிடும். பத்தடி தள்ளிப் பாய் விரித்து அமர்ந்து பார்க்கும் குடும்பத்துக்கு, வரிக்கணக்கைப் பொறுத்தவரை, 480 ஓடினாலும் ஒன்றுதான், 1080 ஓடினாலும் ஒன்றுதான்.

எச்.டி. என்பதே ஏமாற்று என்கிறேனா? இல்லை. பெட்டி பெரிதானால் கணக்கு மாறும். 55 அங்குலத் திரையில் 1080 வரிகளின் பயன் ஏழடித் தொலைவு வரை முழுமையாகக் கிட்டும். பத்தடியிலும் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் வேற்றுமை புலப்படும். வண்ணத்தின் செழுமையும் ஒளியின் ஏற்றஇறக்கமும் வேறு கணக்கைச் சேர்ந்தவை. ஆனால் இன்று 4கே என்று விற்கிறார்களே, 2160 வரிகள், அதன் முழுப்பயனை அதே 55 அங்குலத் திரையில் அடைய மூன்றரை அடியில் அமர வேண்டும். எந்த வீட்டிலே, எந்தக் குடும்பம், அப்படி அமர்ந்து படம் பார்க்கிறது? எனவே தெளிவு தேவையற்றதல்ல, அளவுக்குட்பட்டது. திரையின் அகலத்துக்கும் இருக்கையின் தொலைவுக்கும் உட்பட்டது.

மக்கள் இதை அறியாதவர்களா? அறிந்தவர்கள்! ஏட்டுக் கணக்கு தெரியாமலே அறிந்தவர்கள். வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். 1975இல் சோனி கொண்டுவந்தது பீட்டாமாக்ஸ். 1976இல் எதிரணி கொண்டுவந்தது வி.எச்.எஸ். பீட்டாமாக்சின் படம் சிறந்தது என்று வல்லுநர் வாதிட்டனர். ஆனால் அதன் முதல் ஒளிநாடாவிலே ஒரு மணி நேரமே பதியும்; வி.எச்.எஸ். நாடாவிலே இரண்டு மணி நேரம். ஒரு முழுப்படம் ஒரு நாடாவிலே அடங்குமா என்று கேட்டது மக்கள் மன்றம். அடங்கியது வென்றது.

இசையிலும் அதே தீர்ப்புத்தான். 1999இல் சூப்பர் ஆடியோ சி.டி. வந்தது; 2000இல் டி.வி.டி. ஆடியோ வந்தது. இரண்டுமே பழைய சி.டி.யைவிட நுட்பமானவை. மக்கள் திரும்பியும் பார்க்கவில்லை. சி.டி.யைவிடத் தரம் குறைந்த எம்.பி.3ஐ ஏந்திக்கொண்டார்கள். ஏன்? ஆயிரம் பாட்டு சட்டைப்பைக்குள் அடங்கிற்று. எங்கும் ஒலித்தது. எவரிடமும் இசைவு கேட்கவில்லை.

நான் நாடகம் எழுதுகிறவன். மேடைக்குப் பின்னால் நிற்பதைவிடக் கூட்டத்தின் கடைசி வரிசையிலே போய் நிற்பதுதான் என் வழக்கம். அங்கே நிற்பவருக்கு நடிகனின் முகச்சாயம் தெரியாது. அரசியின் அட்டிகை தங்கமா அட்டையா தெரியாது. ஆனால் தாய் மகனைப் பிரியும் காட்சியிலே அழுகை ஒலி முதலில் எழுவது அங்கிருந்துதான். விளக்கு மங்கினால் கூட்டம் கலைவதில்லை; ஒலிபெருக்கி அடைத்தால் ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடும். மக்கள் முதலில் கேட்பது கதை. அடுத்துக் கேட்பது, தடங்கலின்றி அது தம்மிடம் வந்து சேர வேண்டும் என்பது. வரிக்கணக்கு அதற்குப் பின்னால்தான்!

தடங்கல் என்றேன். அங்கேதான் இரண்டாம் கேள்வி தலைகாட்டுகிறது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது? தட்டிலே படம் மறைமொழியாக எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கும் சாவி, உரிமம் பெற்ற கருவிக்குள்ளே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதோடு முடிந்ததா? இல்லை. கருவியிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போகும் கம்பியிலும் ஒரு காவற்காரன். எச்.டி.சி.பி. என்பது அவன் பெயர். இன்டெல் பெற்றெடுத்த பிள்ளை. கருவி கேட்கும், பெட்டியே, நீ யார் என்று. பெட்டி உரிய விடை தர வேண்டும். தராவிட்டால் படம் வராது. காசு கொடுத்துத் தட்டை வாங்கியவன் நீ; காசு கொடுத்துக் கருவியை வாங்கியவன் நீ; காசு கொடுத்துப் பெட்டியை வாங்கியவன் நீ. ஆனால் மூன்றும் தமக்குள் பேசி முடிவெடுக்கும், நீ பார்க்கலாமா கூடாதா என்று!

இதன் கொடுமையை முதலில் அனுபவித்தவர் யார் தெரியுமா? திருடர்கள் அல்லர். எவரும் வாங்குமுன்பே ஆயிரக்கணக்கில் டாலர் கொட்டி எச்.டி. பெட்டி வாங்கிய அமெரிக்க நுகர்வோர்! அவர்களுடைய பெட்டிகளில் மூன்று கம்பி செருகும் பழைய துளைகள் மட்டுமே இருந்தன. காவற்காரனுக்கு விடை சொல்லும் வாய் அவற்றுக்கு இல்லை. ஏ.ஏ.சி.எஸ். விதிகளிலே ஓர் ஏற்பாடு: பட முதலாளி விரும்பினால், அந்தத் துளைவழிப் போகும் படத்தை 960க்கு 540 என்று சுருக்கிவிடலாம். 20 இலட்சம் புள்ளிகளிலே நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும்! தொடக்க ஆண்டுகளில் அந்தக் கத்தியை உறையிலேயே வைத்திருந்தார்கள். ஆனால் உரிமப் பத்திரத்திலே காலக்கெடு எழுதிவிட்டார்கள். 2010க்குப் பின் செய்யும் கருவிகள் பழைய துளைவழிப் பழைய தெளிவையே தரலாம். 2013க்குப் பின் செய்யும் கருவிகளில் அந்தத் துளைவழிப் படமே கூடாது. முன்னே ஓடி வந்து வாங்கியவனுக்கு முதற் பரிசு, முதுகிலே கொடுத்த அடி!

சரி, இத்தனை அரண் கட்டினார்களே, கள்வன் அகப்பட்டானா?

டி.வி.டி.க்கு ஒரு பூட்டுப் போட்டார்கள், சி.எஸ்.எஸ். என்று பெயர். 1999இல் அதைத் திறக்கும் நிரல் வெளிவந்தது. அந்த வேலையிலே பங்குகொண்ட ஜான் லெக் யோகான்சன், நார்வே நாட்டுப் பள்ளிப் பருவத்து இளைஞன். லினக்ஸ் கணிப்பொறியிலே டி.வி.டி. பார்க்க வழியில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. வழக்குத் தொடுத்தார்கள். 2003 ஜனவரியில் ஆஸ்லோ வழக்குமன்றம் குற்றமற்றவன் என்றது. மேல்முறையீடு செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மேல்மன்றமும் குற்றமற்றவன் என்றது. தன் சொந்தத் தட்டைத் தான் பார்ப்பது குற்றமாகுமா?

பழைய பூட்டு பழுது, புதிய பூட்டு பத்திரம் என்றார்கள். முதல் எச்.டி. டி.வி.டி. கடைக்கு வந்தது 2006 மார்ச்சு இறுதியில். டிசம்பர் இறுதியில் அந்தப் பூட்டும் திறந்தது! திறந்தவர் புனைபெயரில் மறைந்திருந்த ஒருவர். ஏன் திறந்தார்? தாம் வாங்கிய தட்டு, தம் கணிப்பொறித் திரையிலே ஓட மறுத்தது. காவற்காரனுக்கு விடை சொல்லத் தெரியாத திரை அது. சினத்திலே சாவி தேடினார் மனிதர். பூட்டே பூட்டுடைப்பவனை உருவாக்கிற்று!

அடுத்த ஆண்டு இன்னொரு விந்தை. 32 குறிகள் கொண்ட எண் ஒன்று. பல தட்டுகளுக்குப் பொதுவான சாவி. அது வெளியே கசிந்தது. அந்த எண்ணை எவரும் வெளியிடக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதங்கள் பறந்தன. டிக் என்ற இணையதளம் அஞ்சி அந்த எண்ணை நீக்கிற்று. 2007 மே முதல் நாள்! பயனர்கள் பொங்கி எழுந்தார்கள். நீக்க நீக்க எழுதினார்கள். தளத்தின் முகப்பு முழுவதும் அந்த எண்ணே நின்றது. சட்டைகளிலே அச்சிட்டார்கள், பாட்டாகப் பாடினார்கள். இறுதியில் தளத்தை நடத்தியவர்களே, இனி நீக்கமாட்டோம் என்று பணிந்தார்கள். ஓர் எண்ணுக்கு விலங்கு பூட்டப் போனார்கள். அந்த எண் ஊரெல்லாம் ஊர்வலம் வந்தது. 2010 செப்டம்பரில் கம்பிக் காவற்காரனின் மூலச்சாவியும் வெளியாயிற்று. அது உண்மைச் சாவிதான் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டது.

ஏன் இந்தப் பூட்டுகள் நிற்பதில்லை? பெட்டியையும் கொடுத்து, சாவியையும் அதே பெட்டிக்கருகே ஒளித்து வைத்து, நீ திறந்து பார்க்கவும் வேண்டும், திறக்கத் தெரியவும் கூடாது என்று கட்டளையிட்டால், அந்தக் கட்டளை எத்தனை நாள் நிற்கும்?

இங்கேதான் உண்மையின் மையம் இருக்கிறது. கள்வன் ஒருமுறை உடைத்தால் போதும். அதன்பின் அவன் பரப்பும் படத்திலே பூட்டே கிடையாது. அதை வாங்குகிறவன் எந்தக் காவற்காரனுக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை. காசு கொடுத்து நேர்வழியில் வாங்குகிறவன்தான் ஒவ்வொரு முறையும் வாயிலிலே நின்று கைகட்டிப் பதில் சொல்ல வேண்டும். பின்வாயில் திறந்தே கிடக்கிறது. முன்வாயிலிலே முப்பது காவலர்!

"திருட்டுக்குத் துணைபோகிறாயா?" என்று கேட்க நினைக்கும் தோழருக்கு ஒரு சொல். திருட்டின் வலி நான் அறியாததன்று. நான் எழுதிய நாடகம் ஒன்றை, தென்மாவட்டச் சிற்றூரிலே ஒரு குழுவினர் தலைப்பை மாற்றி, எழுதியவன் பெயரை மாற்றி, நுழைவுச்சீட்டு விற்று நடத்தினார்கள். தகவலறிந்து போய் நின்றேன். என் வசனத்துக்குக் கைதட்டல் விழுந்தது. என் பெயருக்கு அங்கே இடமில்லை. வயிறு எரிந்தது. அன்றிரவு நானும் எண்ணினேன், எழுத்துக்கு ஒரு பூட்டு இருந்தால் எவ்வளவு நன்று என்று. விடிந்ததும் வேறொன்று எண்ணினேன். பூட்டு இருந்தால் அந்தக் குழு தடுக்கப்பட்டிருக்குமா? கேட்டு எழுதிக்கொள்ளும் காது உள்ளவனுக்கு எந்தப் பூட்டு? என் நாடகத்தை அன்போடு வாங்கிப் படித்து, பள்ளி விழாவிலே ஒரு காட்சியை நடத்திய ஆசிரியர்தான் தடுக்கப்பட்டிருப்பார். திருடனை நோக்கி நீட்டிய வாள், விருந்தினன் கழுத்திலே விழும். படைப்பவனுக்குப் பங்கு வேண்டும், பெயர் வேண்டும், திருடனுக்குத் தண்டனை வேண்டும். அதிலே எனக்கு ஐயமில்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது. பூட்டு அதைச் செய்யவில்லை என்பதே என் வழக்கு.

பூட்டு இல்லாவிட்டால் கலையே அழியும் என்று ஓலமிடுகிறார்கள். இந்த ஓலம் புதிதா? 1982ஆம் ஆண்டு, அமெரிக்கப் படமுதலாளிகளின் சங்கத் தலைவர் ஜாக் வேலன்டி, அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். தனித்திருக்கும் பெண்ணுக்குக் கழுத்து நெரிக்கும் கொலைகாரன் எப்படியோ, திரைத்தொழிலுக்கு ஒளிநாடாப் பதிவுக்கருவி அப்படி என்றார்! யூனிவர்சலும் டிஸ்னியும் 1976இலேயே சோனியின்மீது வழக்குத் தொடுத்திருந்தன. 1984 ஜனவரி 17ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: வீட்டிலே பிறகு பார்ப்பதற்காகப் பதிந்துகொள்வது குற்றமன்று. கொலைகாரன் என்று தூற்றப்பட்ட கருவி என்ன செய்தது? சில ஆண்டுகளிலேயே, திரையரங்க வருமானத்தையும் விஞ்சிய வருமானத்தை அதே முதலாளிகளின் காலடியிலே கொட்டிற்று.

அன்று பதிவுக்கருவியின் பக்கம் நின்று வழக்காடிய சோனியே, 1989இல் கொலம்பியா படநிறுவனத்தை விலைக்கு வாங்கிற்று. அதன்பின் அதன் கையிலும் பூட்டு! 2005இல் சோனி பி.எம்.ஜி. விற்ற இசைத்தட்டுகள், வாங்கியவர் கணிப்பொறிக்குள்ளே ஒளிந்து குடியேறும் நிரலைச் சுமந்திருந்தன; அது பாதுகாப்பையே ஓட்டையாக்கிற்று. உண்மை வெளிவந்ததும் இலட்சக்கணக்கான தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. கொள்கைக்காகப் பேசினாரா, கொள்முதலுக்காகப் பேசினாரா என்பதைச் சொத்து கைமாறும்போதுதான் அறிய முடிகிறது!

இசைத்துறையே பின்னர் என்ன செய்தது? 2007 ஏப்ரலில் இ.எம்.ஐ. நிறுவனம், ஆப்பிள் கடையிலே பூட்டில்லாப் பாடல்களை விற்க முன்வந்தது. 2009 ஜனவரியில் மற்றப் பெரு நிறுவனங்களும் இணங்கின. இசை செத்ததா? இல்லை. பூட்டுத்தான் செத்தது.

சட்டம் என்ன சொல்லுகிறது? அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம், பூட்டை உடைப்பதையே குற்றமாக்கிற்று. உள்ளே நுழைந்து என்ன செய்தாய் என்பது இரண்டாம்பட்சம். விதிவிலக்கு வேண்டுவோர் மூன்றாண்டுக்கு ஒருமுறை மனுவேந்தி நிற்க வேண்டும். நம் நாட்டிலே 2012ஆம் ஆண்டுத் திருத்தம், காப்புரிமைச் சட்டத்திலே 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உரிமையை மீறும் நோக்கோடு பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறையும் தண்டமும். சட்டம் தடுக்காத செயலுக்காகத் திறந்தால் குற்றமன்று. அமெரிக்கச் சட்டத்தைவிட இது அறிவுடைமை. பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம்.

ஆனால் ஒன்று. திறக்க உனக்கு உரிமை உண்டு என்கிறது சட்டம். சாவி தர வேண்டும் என்று எவருக்கும் அது கட்டளையிடவில்லை. உனக்குத் திறந்து தர இன்னொருவன் உதவினால், உன் பெயரையும் முகவரியையும் அவன் பதிந்து வைத்திருக்க வேண்டும். உரிமை தாளிலே, சாவி முதலாளியின் பையிலே!

சிங்கப்பூரிலே பிழைக்கும் அண்ணன், அங்கே கடையிலே வாங்கிய ஆங்கிலப்பட டி.வி.டி.யைத் தங்கைக்குக் கொண்டுவருகிறான் என்று வைத்துக்கொள்வோம். உலகையே கூறுபோட்டு எண் குத்தியிருக்கிறார்கள். இந்தியா 5ஆம் மண்டலம். சிங்கப்பூர் 3ஆம் மண்டலம். ப்ளூ-ரே வந்தபோதும் கூறு போடும் வழக்கம் போகவில்லை. நாம் சி, அவர்கள் ஏ. மண்டல எண் குத்திய தட்டு, வேறு மண்டலக் கருவியிலே ஓடாது. சுங்கச்சாவடி தடுக்காத தட்டை, கூடத்திலே இருக்கும் கருவி தடுக்கிறது! இதிலே களவு எங்கே? காசு கொடுத்த அண்ணன் கள்வனா, கண்ணாரக் காண நினைத்த தங்கை கள்வியா?

தட்டுக் காலம் தேய்கிறது, இனி எல்லாம் இணையவழிதானே என்பீர்கள். பூட்டு தேயவில்லை தோழர்களே, கண்ணுக்கு மறைந்திருக்கிறது! இன்று கைப்பேசிகளுக்கும் தரம் பிரித்துச் சான்று கொடுக்கிறார்கள். சில்லுக்குள்ளேயே காப்பறை அமைந்த கைப்பேசிக்கு எச்.டி. படம். மலிவுக் கைப்பேசி பலவற்றில் அந்தச் சான்று இல்லை. அதே சந்தா கட்டினாலும் அதற்குக் கீழ்த்தரப் படம். கண்ணுக்குக் குறையில்லை, திரைக்குக் குறையில்லை, கட்டணத்துக்கும் குறையில்லை. குறைத்துக் கொடுப்பது பூட்டு!

2016இல் 4கே ஒளித்தட்டு வந்தது. உரிமம் பெற்ற வழியிலே அதைக் கணிப்பொறியில் பார்க்க, இன்டெல் சில்லுக்குள் எஸ்.ஜி.எக்ஸ். எனும் காப்பறை வேண்டும் என்று விதித்தார்கள். 2021 முதல் வந்த இன்டெல்லின் புதுத் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் சில்லுகளிலே அந்தக் காப்பறையே நீக்கப்பட்டுவிட்டது. பழைய எந்திரத்திலே ஓடிய தட்டு, புதிய எந்திரத்திலே ஓடாது! விஞ்ஞானம் முன்னே போகிறது. விலை கொடுத்தவன் பின்னே தள்ளப்படுகிறான்.

வாங்கியது நமதா என்பதே ஐயத்துக்குரியதாகிவிட்டது. 2009 சூலையில் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்கள் இரண்டை, வாங்கியவர் கைக்கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவனுக்கு உரிமை இல்லை என்று காரணம் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தந்தது; பின்னர் மன்னிப்பும் கேட்டது. அழிந்த நூல்களில் ஒன்று எது? ஆட்சியாளர் ஏடுகளை அழித்து வரலாற்றைத் திருத்தும் கொடுமையைச் சித்திரிக்கும் "1984"! படநிறுவனங்கள் கூடி நடத்திய அல்ட்ரா வயலட் என்ற இணையப் பேழை, 2019 சூலை 31ஆம் நாள் மூடப்பட்டது. வேறு கடையோடு தம் கணக்கை இணைத்துக்கொள்ளுங்கள் என்று வாங்கியவர்களுக்கு அறிவிப்பு வந்தது. கலிபோர்னியாவிலே ஒரு சட்டம் 2025 ஜனவரி முதல் நடப்பிலிருக்கிறது. பறித்துக்கொள்ளக்கூடிய இணையச் சரக்கை, அது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்ற சொல்லால் விற்கக்கூடாது! ஒரு சொல்லின் பொருளைக் காக்கவே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது நம் இரு கேள்விகளுக்கும் விடை கூறலாம். தெளிவு பார்வையாளனுக்குப் பொருட்டா? அளவோடு பொருட்டு. பூட்டு பொருட்டா? முட்டிக்கொள்ளும் நாள்வரை அவன் அதை அறிவதில்லை. அறியும் நாளிலே காலம் கடந்திருக்கிறது. ஆகவே, அவன் கண்டும் பெரிதாகக் கருதாத தெளிவுக்கு விலை பேசினார்கள். அவன் காணாத பூட்டை அந்த விலைக்குள்ளே விற்றார்கள். தெளிவு, பண்டம். பூட்டு, பண்டத்துக்குள் மறைந்த பத்திரம்!

அரசியல் ஏட்டிலே இது எதற்கு என்று கேட்கும் தோழரே, கேளும். ஓர் அமைச்சர் தொலைக்காட்சியிலே பேசுகிறார். நேற்று ஒன்று சொன்னார், இன்று வேறு சொல்லுகிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மக்களுக்குக் காட்டுவதுதானே நம் பணி? விமர்சனத்துக்கும் நடப்புச் செய்தியை எடுத்துரைப்பதற்கும் நேர்மையாக எடுத்தாள, சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பெட்டிக்கும் திரைக்கும் நடுவே நிற்கும் காவற்காரனுக்கு 52ஆம் பிரிவு தெரியாது. அவனுக்குத் திருடனும் ஒன்று, திறனாய்வாளனும் ஒன்று. இந்தியாவிலே திரைப்படத்தின் காப்புரிமை 60 ஆண்டிலே முடியும். பூட்டுக்கு முடிவுநாள் எழுதப்படவில்லை. நாளை நூலகம் காக்க வேண்டிய நினைவை, இன்றே ஒருவன் பூட்டி, சாவியைத் தொலைத்துவிட்டால், வரலாற்றுக்கு யார் சாட்சி?

நாம் கேட்பது பெரிதன்று. பூட்டிய பண்டமானால் உறைமீதே எழுது, எதிலே ஓடும், எதிலே ஓடாது என்று. விற்றதை விற்றது என்று விடு. வாடகையானால் வாடகை என்று சொல். திறனாய்வாளனுக்கும் ஆசிரியருக்கும் நூலகத்துக்கும், கண்ணும் செவியும் குறைந்தோருக்கும் சட்டம் தந்த உரிமையைச் செயலாக்கச் சாவி தர, விற்பவனைக் கட்டாயப்படுத்து. காப்புரிமை முடிந்த அன்றே பூட்டும் திறக்கட்டும்.

கிளை தோறும் படிப்பகம் நடத்தும் தோழர்களே! அடுத்த முறை பெட்டி வாங்கக் கடைக்குப் போகும்போது எத்தனை வரி என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை பூட்டு என்றும் கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார்; விழிக்கட்டும். நாடாளுமன்றத்துக்குப் போகும் நம் உறுப்பினரிடம் 65ஏ பற்றிக் கேளுங்கள், அவரும் படிக்கட்டும்.

விடுதி அறையிலே அன்று இரு கட்சியாகப் பிரிந்து வாதாடிய நாங்கள், எந்த மாளிகை அழகு என்றே பேசினோம். வாயிற்கதவு யார் கையில் என்று கேட்கவில்லை. அந்தத் தவறு எங்களோடு முடியட்டும்.